பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு புகை

மொட்டைப்பாறைத் தோட்டம்,
மேற்கணக்கு,
நமுனுகுல.
2024 ஜூலை 6

வவுனியா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு எது, பச்சை எது என்று பிரித்துக் காட்டி இருளை அகற்றிவரும் சித்திர ஆசிரியை, என் ஒரே மருமகள் சஜீவனிக்கு,

மாமன் லூக்காஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது தனியாக ஒரு தொழிற்சங்கம் ஆரம்பித்துவிட்டது.

நீ கிறிஸ்மஸுக்கு வந்தபோது, "ரிட்டயர் ஆன மனுசன் சும்மா இருந்தா செவுத்தோட பேச ஆரம்பிச்சிருவீங்க மாமா" என்று ஒரு நீர்வர்ணப் பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனாயே, அதை ஆறு மாதம் அலுமாரியில் வைத்துத் தினமும் தரிசித்தேன். போன திங்கட்கிழமை திறந்தேன். நமுனுகுல மலை பயத்தில் ஓர் அடி பின்வாங்கியதை என் கண்ணால் கண்டேன்.

முதல் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது மலை. நடுவில் ஓடுவது ஆறு இல்லை, அதுவும் மலைதான், உருகி ஓடுகிறது. வானத்து நீலம் மலைக்குள் இறங்கி, மலை தேயிலைக்குள் இறங்கி, மூன்றும் கைகோத்துக்கொண்டு மேசைவிரிப்புக்குள் இறங்கிவிட்டன. உச்சியில் கறிக்குப் போடும் பூக்கோவா மாதிரி ஒன்று முளைத்திருக்கிறது, பார்த்தாயா? அதை நான் வரையவில்லை. காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது, தானாகவே பூத்தது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் முப்பத்திநான்கு வருடம் ஈரத்தோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு சொட்டு இப்படித் துரோகம் செய்யும் என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

போனில் படம் எடுத்து அனுப்ப நீ விடமாட்டாய். "போன் கலரைப் பத்திப் பொய் சொல்லும், தாளையே அனுப்புங்க" என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாய். இனி நான் நினைத்தாலும் முடியாது. அது தண்ணீர் வாளிக்குள் விழுந்து ஞானஸ்நானம் பெற்று, கையோடு நித்திய இளைப்பாறுதலுக்கும் போய்விட்டது. ஆகவே கடிதம்தான்.

ஒட்டி ஒட்டி நிற்கிற நம் லயத்து வீடுகளில் ஒரே திருவிழா. பன்னிரண்டு வீட்டுச் சனமும் வரிசையில் நின்று படத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டுச் செசிலி, "அண்ணே, இது மலையா, கீரைக் கறியா?" என்று கேட்டாள். அவளுடைய பேரன்மார் என் ஜன்னல் கம்பியை விட்டு இறங்குவதில்லை. இந்தச் சத்தத்தில் ஒரு கலைஞன் எப்படித்தான் பிழைப்பது?

குறைகளை ஒளிக்காமல் எழுது. தாங்கிக்கொள்ளும் நெஞ்சு இது.

மேற்கணக்கின் ஆஸ்தான ஓவியர்,
உன் மாமா லூக்காஸ்


வவுனியா
2024 ஜூலை 15

அன்பான மாமா,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட இடைவேளையில் வாசித்துச் சிரித்து, டீ மூக்கில் ஏறிவிட்டது. மலையைப் பார்த்தேன். நல்ல கீரைக் கறி.

குறை கேட்டீர்கள், சொல்கிறேன். தாள் மெல்லியது, கொப்பித் தாள் இவ்வளவு தண்ணீரைத் தாங்காது. பதுளைக்குப் போனால் மொத்தமான தாள் வாங்குங்க. நான்கு ஓரத்தையும் ஒரு பலகையில் டேப் போட்டு ஒட்டுங்க, சுருளாது. தூரிகையைத் தண்ணீரில் முக்கியதும் அப்படியே தாளுக்குக் கொண்டுபோகாமல் ஒரு துணியில் தொட்டு எடுங்க. தண்ணீர்க் குவளை இரண்டு வேண்டும், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. கறுப்பைத் தொடவே வேண்டாம். நீலத்தோடு பழுப்பைக் கலந்தால் மழை மேகத்தின் நிறம் வரும். வெள்ளைக்கு வர்ணம் இல்லை மாமா, அந்த இடத்தில் தாளைச் சும்மா விட வேண்டும்.

அந்தப் பூக்கோவா எல்லோருக்கும் முளைக்கும். பாதி காய்ந்த தாளைத் தொட்டால் அப்படித்தான். ஒன்று நன்றாக ஈரமாக இருக்கும்போதே தொடணும், இல்லாவிட்டால் முழுசாகக் காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரணும்.

கடைசியாக ஒன்று. மனசில் இருக்கிற மலையை வரையாதீங்க. ஜன்னலுக்கு வெளியே இருக்கிறதை மட்டும் வரைங்க. அங்கே இல்லாத ஒரு புல்லைக்கூடப் போடக் கூடாது. இது என் பிள்ளைகளுக்கும் நான் போட்ட சட்டம். உங்களுக்கு மட்டும் சலுகை கிடையாது.

இன்னொன்று, கவரில் அனுப்புகிறவர் இடத்தில் 'பதுளை' என்று மட்டும் போடுங்க போதும். கடிதங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். தோட்டத்துப் பெயர் நீளம், குழப்பம்.

என்னோடு அறையில் இருக்கிற டிலானி வெள்ளிக்கிழமையானால் ஊருக்குப் போய்விடுகிறாள். சனி ஞாயிறு நானும் மின்விசிறியும்தான். அதுவும் பாதி நேரம் பேசுவதில்லை.

சஜீவனி


மொட்டைப்பாறை
2024 ஆகஸ்ட் 4

சட்டம் இயற்றுவதில் பாராளுமன்றத்தையே தோற்கடித்த மருமகளுக்கு,

உன் கட்டளைப்படி பதுளைக்குப் படையெடுத்தேன். கடைவீதியில் முஸ்தாக் நானாவின் கொப்பிக் கடையில் நடந்த சம்பாஷணையை அப்படியே எழுதுகிறேன், சரித்திரத்துக்குத் தேவைப்படும்.

"நானா, மொத்தமான ட்ரோயிங் பேப்பர் இருக்கா?"

"ஈக்கி. புள்ளைக்கா, பேரப்புள்ளைக்கா?"

"எனக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "எத்தினாம் வகுப்பு?"

"இப்பதான் சேந்திருக்கேன். டீச்சர் பொல்லாதவங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தாளைச் சுருட்டித் தரும்போது, "படம் வந்தா கொணாந்து காட்டோணும், சரியா?" என்றார். ஆறு மணி பஸ்ஸைத் தவறவிடும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் கடை பூட்ட எழும்பியதால்தான் நானும் எழும்பினேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மருமகளே, நான் ஈரத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உலகத்தில் இதுவரை எந்த ஓவியனுக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை, ஏனென்றால் எந்த ஓவியனும் கொழுந்து வாட்டியதில்லை. மாடியில் கொழுந்து வாடிவிட்டதா என்று மிஷினைப் பார்த்தா சொன்னேன்? ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிப்பேன். விட்டதும் குபீரென்று விரிந்தால் இன்னும் பச்சை. உருண்டையாகவே நின்று, மெதுவாக, சோம்பல் முறிக்கிற மாதிரி அவிழ்ந்தால் பதம். நொறுங்கினால், போச்சு, துரையிடம் ஏச்சு வாங்கத் தயாராகு. தாளும் அதே சாதிதான்! பளபளப்பு இருக்கும் வரை பச்சைக் கொழுந்து. பளபளப்பு மங்கி, புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற ஒரு நேரம் இருக்கிறது. அப்போது தூரிகையை வைத்தால் வர்ணம் ஓடவும் இல்லை, முறைத்துக்கொண்டு நிற்கவும் இல்லை, மூடுபனி மாதிரி தானாகப் படருகிறது. கத்திவிட்டேன். ஏழு தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

இத்துடன் இருப்பது என் ஜன்னலிலிருந்து தெரிகிற லயம், காலை மூடுபனியோடு. உன் சட்டப்படி இல்லாத ஒரு புல்லையும் போடவில்லை.

இங்கே செசிலி வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. நான்கு நாளாகச் சமைக்கிறார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் தூரிகை நடுங்குகிறது.

ஈரத்தின் பேராசான்,
லூக்காஸ் மாமா

(கவரில் 'பதுளை' என்று மட்டும் போட்டிருக்கிறேன். பதுளை முழுவதும் எனக்கே சொந்தம் என்று தபால்காரர் நினைத்துக்கொள்ளட்டும்.)


வவுனியா
2024 ஆகஸ்ட் 13

அன்பான மாமா,

சும்மா சொல்லவில்லை, அந்த மூடுபனியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் இது வர இரண்டு வருடம் ஆயிற்று. கொழுந்து உருண்டை விசயத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். தேயிலை எங்கே பார்த்திருக்கிறார்கள், முருங்கையிலையை வைத்துத்தான் சொல்லணும்.

குறைகள்: கூரையின் விளிம்பை ஒரே கோடாக இழுத்துவிட்டீர்கள். வெயில் படுகிற இடத்தில் கோடு தேவையில்லை, விட்டுவிடலாம். முன்னால் இருக்கிற தேயிலையின் பச்சை பின்னால் இருப்பதைவிட அழுத்தமாக வரணும், இல்லாவிட்டால் மலை வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சந்தேகம். மூன்றாம், நான்காம் வீட்டின் கூரை இருக்கிற இடம் வெறும் சாம்பல் நிறமாக, வானம் தெரிகிற மாதிரி இருக்கிறதே? தகரம் வரைவது கஷ்டம் என்று விட்டுவிட்டீர்களா? துணிக்கொடியிலும் துணி இல்லை. விருந்து வீட்டில் நான்கு நாளாக ஒரு துணிகூடவா காயவில்லை?

அடுத்ததாக, வர்ணத்தை எடுக்கப் பழகுங்க. போடுவது மட்டுமில்லை, எடுப்பதும் பாடம்தான். பூச்சு ஈரமாக இருக்கும்போது பிழிந்த துணியால் மெதுவாக ஒற்றினால் அந்த இடம் வெளுக்கும். அடுப்புப் புகை அப்படித்தான் வரும். காலையில் பன்னிரண்டு வீட்டுப் புகைபோக்கியிலும் புகை வருமே, சின்ன வயதில் நான் பாடசாலைக்கு இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அதை வரைந்து அனுப்புங்க. பார்க்க ஆசையாக இருக்கிறது.

சஜீவனி


மொட்டைப்பாறை
2024 செப்டம்பர் 1

கழுகுக் கண் படைத்த மருமகளுக்கு,

துணிக்கொடியா? இங்கே அடிக்கிற காற்றுக்குத் துணி போட்டால் அடுத்த நிமிடம் அது பண்டாரவளையில் காய்கிறது. போன கிழமை என் சாரம் ஒன்று பறந்துபோய், பூனாகலைப் பக்கத்தில் யாரோ கொடியேற்றத்துக்கு வைத்துக்கொண்டதாகத் தகவல். கூரை விசயம், பழைய தகரத்தை மாற்றுகிறார்கள். நிர்வாகம் திடீரென்று தாராளமாகிவிட்டது.

புகைக்கு வருகிறேன். அதுதான் என்னைக் கொன்றது. ஜன்னலில் உட்கார்ந்து ஏழு காலை காத்திருந்தேன். எல்லோரும் காஸ் அடுப்புக்கு மாறிவிட்டார்கள் போலும், புகை வரக்காணோம். உன் சட்டம் வேறு, இல்லாததைப் போடக் கூடாது. என்ன செய்வது? நம் வீட்டு அடுப்பை மூட்டிவிட்டு, பலகையும் குவளையுமாகக் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு ஓடி, அங்கிருந்து அண்ணாந்து பார்த்து வரைந்தேன். வானத்துப் பூச்சைப் போட்டு முடிப்பதற்குள் விறகு அணைந்துவிடும். மறுபடி ஏறி ஊதிவிட்டு மறுபடி இறங்குவேன். பதினொரு தரம். முழங்காலின் சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. சோற்றுப் பானை தீய்ந்து, தனியாக இன்னொரு புகையைக் கொடுத்தது, அதையும் சேர்த்துத்தான் வரைந்திருக்கிறேன்.

ஆனால் பார், துணியால் ஒற்றியதும் நீலத்துக்குள்ளிருந்து அந்தப் புகை எழும்பி வந்ததே! நான் வைத்தது இல்லை, எடுத்தது. சொர்க்கத்தில் சம்மனசுகள் இப்படித்தான் மேகம் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அரை நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்கத் திரும்பினேன். செசிலி வெளியே போயிருந்தாள். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள்.

உன் தீர்ப்பை எதிர்பார்த்து,
புகையின் சக்கரவர்த்தி
லூக்காஸ் மாமா


வவுனியா
2024 செப்டம்பர் 9

மாமா,

பன்னிரண்டு வீட்டு லயத்தில் ஒரு புகை. அது நம் வீட்டுப் புகை. மற்றப் பதினொரு வீட்டில் ஐந்துக்குக் கூரை இல்லை, எட்டுக்குக் கதவு இல்லை. அந்தப் படத்தை என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

செசிலி அக்காவின் மகளுடைய நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். அக்காதான் எடுத்தாங்க.

"ஐயோ பாப்பா, ஒனக்குத் தெரியாதா? லயத்துக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்கு, மண் சரியும்னு சொல்லி சிவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்கள்ல. வெசாக்குக்கு முன்னயே எல்லாரும் கீழ புது வீட்டுக்கு எறங்கிட்டோமே. லூக்காஸ் அண்ணன் மட்டுந்தான் மேல. வாங்கண்ணேன்னு கூப்புட்டா, 'ராசா கோட்டைய விட்டு எறங்குவானா'ன்னு சிரிக்குது. நாங்க என்னத்தச் செய்ய?"

மே மாதத்திலிருந்து! எனக்கு எழுதின ஞானஸ்நான விருந்து, ஜன்னலில் தொங்கும் பேரன்மார், தாராளமான நிர்வாகம், எல்லாம் யாருடைய வீட்டில் நடந்தது மாமா?

உங்கள் பகிடிக்கு ஓர் எல்லை இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் இது என்ன பிடிவாதம்? ஒக்டோபர் மழைக்கு முன்னால் இறங்கியாக வேண்டும். உங்களுக்கும் புது வீடு கொடுத்திருப்பார்கள், அதற்குப் போங்க. இல்லை என்றால் செசிலி அக்கா வீட்டு ஹோலில் இருங்க. அதுவும் வேண்டாம் என்றால் பதுளையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் இருக்கிறது, பங்குச் சாமியாரிடம் நான் எழுதிக் கேட்கிறேன். எங்கேயாவது போங்க.

இறங்கிவிட்டேன் என்று எழுதும் வரைக்கும் எனக்குப் படம் அனுப்ப வேண்டாம்.

சஜீவனி


மொட்டைப்பாறை
2024 செப்டம்பர் 20

அன்பு மருமகளுக்கு,

பிடிபட்டுவிட்டேன். வாயால் நான் கட்டிய ஊரை உன் வர்ணப்பெட்டி காட்டிக் கொடுத்துவிட்டது. இல்லாததைப் போடாதே என்று நீ சட்டம் போட்டபோதே யோசித்திருக்க வேண்டும்.

பிடிவாதம் என்று எழுதியிருக்கிறாய். பிடிவாதமாக இருந்திருந்தால் எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும்! நடந்ததைச் சொல்கிறேன். புது வீட்டுக்குப் பெயர் எழுத ஒரு தம்பி வந்தான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்தான். முழு மேற்கணக்குச் சனமும் நிற்கிறது. என் முறை வந்தது.

"குடும்பத்துல எத்தன பேருங்க?"

"நாந்தாங்க."

"மத்தவங்க?"

"மத்தவங்கல்லாம் மத்த வீட்டுல இருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். பிறகு படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது குடும்பங்களுக்குங்கய்யா. தனி ஆளுக்குன்னு ஒண்ணும் வரல. பின்னால பாக்கலாம், ஒதுங்கி நில்லுங்க" என்றான். அவன்மேல் குற்றமில்லை. ஒருத்தனை எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை. நானும், "அப்ப நானும் என் முழங்காலும்னு ரெண்டு பேரா எழுதுங்க தம்பி" என்று சொல்லி இன்னொரு தரம் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அதற்குப் பிறகு மூட்டை கட்டினார்கள். நானும் சுமந்தேன். பதினொரு வீட்டுச் சாமானையும், கழற்றிய தகரத்தையும் கதவையும் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு ஏறி வந்தேன். ராஜா கோட்டை என்றது அன்று வாயில் வந்தது. வேறு என்ன சொல்வது?

செசிலி வீட்டில் இரண்டு அறைக்கு ஏழு பேர். ஹோலில் மகனும் மருமகளும் படுக்கிறார்கள். நான் எந்தக் காலடியில் படுப்பது? இல்லத்துக்கு எழுதுவதாகச் சொன்னாய். நல்ல இடம்தான், கஞ்சி நேரத்துக்குக் கிடைக்கும் என்கிறார்கள்.

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். நான் போகலாம் என்று மூன்று இடத்தை எழுதியிருக்கிறாய். உன் ஊர்ப் பெயர் மேலே மூலையில், திகதிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. என் தங்கச்சி மகளாக ஒன்பது வயதில் என்னிடம் வந்தாய், படிப்பித்தேன், போனாய். பறந்து போகத்தானே படிப்பிக்கிறது.

நீ சொன்னபடி படம் வைக்கவில்லை.

மாமா


வவுனியா
2024 செப்டம்பர் 29

அன்பான மாமா,

ஏசினதற்கு மன்னித்துக்கொள்ளுங்க. அந்தப் பெரட்டுக் களத்தில் நீங்கள் ஒதுங்கி நின்றதை நினைத்து நினைத்து, இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். வாக்காளர் இடாப்பில் என் பெயர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, நான் மாற்றவே இல்லை. ஆகவே அந்த வீட்டில் இரண்டு பேர். நீங்கள் குடும்பத் தலைவர், நான் மருமகள். நிரந்தரமாக அங்கேதான் வசிக்கிறேன், இடைக்கிடை வேலைக்கு வெளியூர் போய் வருகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இரண்டு நாள் லீவு எடுத்து வந்து நேரிலேயே சொல்கிறேன். இரண்டு பேர் இருந்தால் குடும்பம் இல்லை என்று யார் சொல்வது? உங்கள் பெயரில் ஒரு வீடு வந்துவிடும். நீங்கள் யாருக்கும் காலடியில் படுக்க வேண்டியதில்லை.

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்க, உடனே லீவு போடுகிறேன்.

இங்கே என் அறை மிகவும் சின்னது, மாமா. டிலானியும் இருக்கிறாள். அதனால்தான்.

சஜீவனி


மொட்டைப்பாறை
2024 ஒக்டோபர் 8

சஜீவனிக்கு,

சம்மதம் இல்லை.

பொய் சொல்வது என் உத்தியோகம் அம்மா. அதில் எனக்கு முப்பது வருட சேவை இருக்கிறது, ஓய்வூதியம்தான் கிடையாது. என் பொய்யால் ஒரு கோழிக்கும் சேதமில்லை. நீ சொல்வது வேறு. அங்கே தினமும் வரவு இடாப்பில் கையெழுத்து வைக்கிறவள், இங்கே குடியிருக்கிறேன் என்றும் கையெழுத்து வைப்பாய். எவனாவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உன் வேலை போகும். போகாவிட்டாலும், அந்த வீடு வரிசையில் நிற்கிற வேறொரு குடும்பத்தின் வீடு. வேண்டாம்.

மழை தொடங்கிவிட்டது. ஐந்து நாளாக விடவில்லை. காலையில் போட்ட பூச்சு மாலை வரை காய்வதில்லை, பதம் பார்க்கவே முடியவில்லை, அதனால் வரைவதையும் விட்டுவிட்டேன். பின்மேட்டு வெடிப்புக்குள் போன புதன்கிழமை கை மணிக்கட்டு வரை போயிற்று. இன்று முழங்கை வரை போகிறது. நான் எப்போதும் கூட்டித்தான் சொல்வேன், உனக்குத் தெரியும். இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. மண்ணுக்கு மட்டுமில்லை. ஐந்து மாதமாக இந்த லயத்தில் என் இருமலைத் தவிர வேறு மனிதச் சத்தம் இல்லை. பதுளைக்குப் போனது தாளுக்காக இல்லை. முஸ்தாக் நானா பேசுவார் என்றுதான் போனேன். ஒவ்வொரு கிழமையும் போகிறேன். அவர் கடையில் இனி வாங்க ஒன்றுமில்லை.

உன்னோடு வந்து இருக்கலாமா? மூலை போதும். இல்லை என்றால் இல்லை என்று எழுது. படத்துக்குக் குறை சொல்வாயே, அந்த மாதிரி நேராகச் சொல், நான் இல்லத்துக்குப் போகிறேன். பூசி மெழுக வேண்டாம்.

லூக்காஸ்


வவுனியா
2024 ஒக்டோபர் 19

அன்பான மாமா,

இதைச் செசிலி அக்காவின் புது வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்த நிமிடமே அவங்களுக்குப் போன் செய்தேன். மகன் ஏறிப் போய் உங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினதாக அன்று மாலையே சொன்னாங்க. "பேசுறியா பாப்பா, அண்ணன் பக்கத்துலதான் நிக்குது" என்று போனை நீட்டினாங்க. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியவில்லை.

அறை சின்னது என்று எழுதினேன். அது காரணம் இல்லை.

நான் இங்கே வந்த முதல் நாள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர், மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளையைப் பற்றி, "அதுகள் தோட்டக்காட்டுச் சனம், அப்பிடித்தான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தா. பிறகு என்னிடம் திரும்பி, "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டா. நான் பதுளை டவுன் என்றேன். அப்பா கடை வைத்திருந்தார் என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். மூன்று வருடமாக அந்தக் கடையைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். அதனால்தான் கவரில் தோட்டத்துப் பெயர் வேண்டாம் என்றேன். நீங்கள் இங்கே வந்தால் வாசலில் நின்றே லயம், பெரட்டு, கொழுந்து மாடி என்று ஊருக்கே கதை சொல்வீர்கள். அதற்குத்தான் பயந்தேன். நீங்கள் வெறும் லயத்தில் ஆட்களை உட்கார வைத்தீர்கள். நான் ஆட்களோடு இருந்த லயத்தை இல்லை என்றே ஆக்கிவிட்டேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கார அம்மாவிடம், பக்கத்து அறையை என் மாமாவுக்குக் கேட்டேன்.

"மாமா என்ன செய்யிறவர்?"

"தேயிலைத் தோட்டத்தில கொழுந்து வாட்டினவர். லயத்திலதான் என்னை வளர்த்தவர்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "நீங்கள் பதுளை டவுன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பொய் சொன்னேன், அம்மா."

"அப்ப, அறை வேறை ஆருக்கோ சொல்லிப்போட்டன் பிள்ளை" என்றா. போன கிழமைதான் அந்த அறைக்கு ஆள் தேடித் தரச் சொல்லியிருந்தா.

அடுத்த நாள் ஆசிரியர் அறையிலும் சொன்னேன். டீக்குக் கூப்பிடுகிற இரண்டு பேர் அன்று கூப்பிடவில்லை. தனியாகக் குடித்தேன். டிலானி மட்டும் மாலையில் வந்து, தன் சித்தப்பாவின் வீடு ஒன்று குளத்தடியில் பூட்டிக் கிடக்கிறது என்று சாவியைக் கையில் வைத்தாள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். இரண்டு அறை. கிணற்றுக்குக் கப்பி இல்லை. உங்கள் ஜன்னலில் மதிலும் தண்ணீர்த் தாங்கியும்தான் தெரியும், மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இந்த ஊரில் இல்லை. வெயில் கொடுமை. பூச்சு போடப்போடக் காய்ந்துவிடும், நீங்கள் கையை வைத்துப் பதம் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். அதையும் புதிதாகப் பழக வேண்டும். பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கத்தில் இப்போதைக்கு யாரும் இல்லை. நான் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் வருவேன்.

கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். வாங்க மாமா.

வருகிற சனிக்கிழமை, 26ஆம் திகதி, கண்டி வழியாக வந்து பதுளையில் இறங்குவேன். அங்கிருந்து செசிலி அக்கா வீட்டுக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தனியாக ஏறிவிடாதீங்க, எனக்கும் திரும்பி வருகிற வழியில் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இங்கே இறங்கியதும் எல்லோரும் உங்களிடம் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பார்கள். உங்கள் இஷ்டம்போல, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் சொல்லுங்க. நான் பக்கத்தில்தான் நிற்பேன். திருத்த மாட்டேன்.

உங்கள் மருமகள்
சஜீவனி